அடுப்பில் வெந்த பல்சக்கரங்கள்

மழைத் தண்ணீர் கடைக்குள் புகுந்த அன்றைக்கு நாங்கள் மாவு மூட்டைகளைத்தான் காப்பாற்றினோம். ரொட்டிக் கடைக்காரர்கள் வேறு எதைக் காப்பாற்றுவார்கள்? நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூட்டை மூட்டையாக மாடிக்கு ஏற்றினோம். ஒன்றுகூட நனையவில்லை என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மாவு பிசைகிற மெஷின் பின் அறையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. இரும்புதானே, அதற்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று இரண்டு பேருமே அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மேலே துடைத்துவிட்டு ஓட்டினோம். கொஞ்ச நாள் ஓடவும் செய்தது. அப்புறம் ஒரு காலையில், பாதி மாவு பிசைந்திருக்கும்போது, அடியிலிருந்து காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அத்தோடு நின்றுவிட்டது. மோட்டார் உறுமுகிறது, உள்ளே எதுவும் அசையவில்லை.

என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கையாலேயே பிசைய ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல எல்லாரும் கையாலதான் பிசைஞ்சாங்க" என்று எனக்கே பாடம் எடுத்தார். அந்தக் காலத்தில் அவருக்கு வயது இருபது. இப்போது முழங்கால் மடக்கினாலே சத்தம் வருகிற வயது. நான் சொன்னால் கேட்கிற ஆளா? ஒரு நாள் மாவுத் தொட்டிக்குள் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வலது கையைத் தூக்க முடியவில்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு நீட்டி முழக்காமல் சொன்னார்: "இனிமே இந்தக் கையால மாவு பிசைஞ்சீங்கன்னா, அப்புறம் சட்டை மாட்டிவிடக்கூட ஆள் வெக்கணும்."

கடைக் கதவை இறக்கினோம். அவர் கையைத் தொட்டிலில் போட்ட மாதிரி கழுத்தில் கட்டிக்கொண்டு, மேசை ஓரத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்கிற வேலை என்னுடையது. அந்த வேலையை எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் வந்தார். மூத்தவர் கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி மேல் உயிரையே வைத்திருக்கிறவர். ஆனால் அவர் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அது எல்லோருக்குமான முடிவு. தம்பியின் கட்டைப் பார்த்தார், இறக்கிய கதவைப் பார்த்தார், உட்காரக்கூட இல்லை.

"போதும்டா. கடையை வாடகைக்கு விட்டுடலாம். செல்போன் கடை வெக்க ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு. அந்த மெஷினை எடைக்குப் போட்டுடலாம். வெள்ளிக்கிழமை காலைல பழைய இரும்புக்காரர் வண்டியோட வருவாரு, நான் சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரைக் கேட்டு சொன்னீங்க அத்தான்?"

"மெஷின் இல்லாட்டி இவன் கையைப் போட்டுப் பிசைவான். நீ தடுப்பியா? உன்னால முடிஞ்சுதா?"

பதில் இல்லாத நேரத்தில்தான் எனக்கு வாய் நீளும். "வெள்ளிக்கிழமை காலைல அந்த மெஷின் ஓடலைன்னா, நானே ஒரு பக்கம் பிடிச்சு வண்டில ஏத்தி விடறேன். கடைச் சாவியையும் உங்க கையில குடுத்துடறேன். ஓடிச்சுன்னா?"

"ஓடிச்சுன்னா நான் ஏன் வாயைத் திறக்கறேன்?" என்றார் மூத்தவர். அவர் வாயைத் திறக்காமல் இருப்பதை அதுவரை நான் பார்த்ததில்லை. பேச்சு முடிந்தது.

எங்கள் தெருக்கோடி மெக்கானிக்குக்கு 'அப்புறம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு, அது யாருக்கும் நினைவில்லை. எதைக் கேட்டாலும் அப்புறம் வர்றேன், அப்புறம் பார்க்கலாம். அவரைக் கையோடு இழுத்துவந்து மெஷினின் அடிப்பெட்டியைத் திறக்கவைத்தேன். திறந்ததும் சேற்று நாற்றம் அடித்தது. உள்ளே இரண்டு பல்சக்கரம், பெரியது ஒன்று, சின்னது ஒன்று, ஒரு சங்கிலி, நிறைய போல்ட்டு. எல்லாமே செம்பழுப்பாக ஒரே கட்டியாக இருந்தன. பல் எது, பல்லுக்கு நடுவில் இருக்கிற பள்ளம் எது என்றே தெரியவில்லை. துரு பொருக்குப் பொருக்காக உரிந்து கையோடு வந்தது.

"புதுசு வாங்கிப் போட்டா?" என்றேன்.

"இந்த கம்பெனியே மூடிட்டாங்களேக்கா. பேரிங், சங்கிலி, போல்ட்டு இதெல்லாம் கடையில கிடைக்கும். பல்சக்கரம் கிடைக்காது. லேத்துப் பட்டறைல குடுத்து செய்யலாம், ஆனா அவங்க அடுத்த மாசம்தான் கைய வெப்பாங்க." சின்ன சக்கரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "உள்ள இரும்பு நல்லாத்தான் இருக்கும்னு தோணுது. துரு எடுக்கற ஆசிட்டு பெயின்ட் கடையில விக்கறாங்க. தண்ணில கலந்து ஊறப்போடுங்க. ரெண்டு சக்கரமும் தேறினா மெஷின் தேறும். ஊறினதும் சொல்லுங்க, அப்புறம் வர்றேன்."

ஊறப்போடுங்க என்றவர், எப்படி என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஊறவைப்பது, பொங்கவைப்பது எல்லாம் நமக்குத் தெரியாததா என்று எண்ணம்.

இந்த இடத்தில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்குத் தங்கை. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். குடும்பத்தில் அவளை ரேடியோ என்போம். அணைக்கிற பொத்தான் மட்டும் வைக்காமல் விட்டுவிட்டார்கள். அவளும் நானும் ஒரே அடுப்படியில் கால் மணி நேரம் நின்றால் பாத்திரம் உருளும். செய்தி கேள்விப்பட்டு, மகளுடைய குழந்தையைக் குளிப்பாட்டுகிற பிளாஸ்டிக் தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தொட்டி முழுக்க வாத்துப் படம்.

"இரும்புத் தொட்டில ஆசிட்டை ஊத்தினா தொட்டியே கரைஞ்சிடும் அண்ணி. அதான் இதை எடுத்துட்டு வந்தேன். குழந்தைக்கு வேற வாங்கிக்கலாம். எங்க அண்ணனுக்கு வேற கடை வாங்க முடியுமா?"

வந்ததும் வராததுமாக நல்ல வார்த்தை பேசிவிட்டாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை.

புதிதாக எதைச் செய்தாலும், முதலில் ஒரே ஒரு ரொட்டியை அடுப்பில் விட்டுப் பார்ப்பது எங்கள் பழக்கம். அது நன்றாக வந்தால்தான் மிச்சம் உள்ளே போகும். அதே மாதிரி, முதலில் போல்ட்டுகளையும் சங்கிலியையும் மட்டும் ஊறப்போட்டோம். சக்கரங்களைத் தொடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, தொட்டியில் தண்ணீர் விட்டு, அதில் ஆசிட்டை ஊற்றினோம். தண்ணீரை வெதுவெதுப்பாகத்தான் விட்டோம். பச்சைத் தண்ணீரில் யாராவது மாவு கலப்பார்களா? தொட்டியை மாவு பொங்கவைக்கிற சூடான மூலைக்கு நகர்த்தி, மேலே ஈரத்துணியும் போட்டு மூடினோம்.

கொஞ்ச நேரத்தில் துணியைத் தூக்கிப் பார்த்தால், பொடிப் பொடியாக நுரை வந்துகொண்டிருந்தது. "அண்ணா, வந்து பாரு!" என்று ரேடியோ கத்தினாள். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பல நாளைக்கு அப்புறம் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி.

"நல்லா பொங்குதே" என்றார். "விட்டுடுங்க. காலை வரைக்கும் கைய வெக்காதீங்க."

நுரை வந்தால் உயிர் இருக்கிறது, வேலை நடக்கிறது. இதுதான் எங்கள் பிழைப்பின் முதல் பாடம். நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் துணியை எடுத்தால் தண்ணீர் கன்னங்கரேல் என்று கிடந்தது. துரு போயிருந்தது. துருவோடு இரும்பும் போயிருந்தது. போல்ட்டுகள் இளைத்துத் துரும்பாகி, நட்டு திருகவே வேண்டாமல் தானாக வழுக்கி இறங்கியது. சங்கிலியை எடுத்து லேசாக இழுத்தேன், நடுவில் விட்டுப்போயிற்று.

ரேடியோ பேசவில்லை. அதைவிட வேறு அபாய அறிகுறி எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் வீட்டுக்காரர் திரும்பிப் போய் மேசை ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். எரிச்சல் தாங்காமல் அப்புறத்தின் வீட்டுக்கே போய் வாசலில் நின்று கத்தினேன். அவர் பல் துலக்கிக்கொண்டே வந்து, போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, வாயில் இருந்த நுரையோடு சிரித்தார்.

"சுடுதண்ணில போட்டீங்களா? மூடி வெச்சீங்களா? ராத்திரி பூராவா? அக்கா, நுரை வந்தா அது துருவைத் தின்னு முடிச்சிட்டு நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். அப்பவே எடுத்திருக்கணும். இது என்ன மாவா?"

"மாவுதான்யா எங்களுக்குத் தெரியும்! நீ முன்னாடியே வாயத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீங்க கேக்கலையே" என்றார். அதுவும் உண்மைதான், அதனால் இன்னும் கோபம் வந்தது. "சக்கரத்தையும் போட்டுட்டீங்களா?" என்று கேட்டபோது மட்டும் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. போடவில்லை என்றேன். "தப்பிச்சீங்க" என்றார். சங்கிலியும் போல்ட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம். சக்கரம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும்.

திரும்பி வந்து, பிழைப்பில் கற்றதை எல்லாம் தலைகீழாக மாற்றினோம். பச்சைத் தண்ணீர். திறந்த தொட்டி. நல்ல காற்றோட்டமான பின்வாசல். புது ஆசிட். சக்கரங்களை நிறுத்தி வைத்தால் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், அப்படி விட்டால் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் கோடு விழுந்து அரித்துவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அதனால் படுக்கவைத்து முழுக்கினோம். யாரும் நகரக் கூடாது என்று நான் சட்டம் போட்டேன். குழந்தையைத் தொட்டியில் விட்டவர்கள் மாதிரி மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம்.

"அண்ணி, ஒரு நுரை."

"அது காத்து. பேசாம இரு."

"இல்ல, இங்க பாருங்க, இன்னொண்ணு."

"நீ பேசறதுலயே வருது அந்த நுரை."

அவ்வப்போது சக்கரத்தைத் தூக்கி, பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தோம். முதல் தடவை சேறு மாதிரி வழிந்தது. அடுத்த தடவை ஒரு பல்லின் முனை தெரிந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தவர், "குடு இங்க" என்று பிரஷ்ஷை இடது கையில் வாங்கிக்கொண்டார். இடது கையால் அவருக்குத் தேநீர்கூடக் குடிக்கத் தெரியாது. அன்றைக்குப் பல்லுக்குப் பல் உள்ளே விட்டு, பொறுமையாகத் தேய்த்தார். நான் தடுக்கவில்லை. வலது கை கழுத்தில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

மதியத்துக்குள் இரண்டு சக்கரமும் சாம்பல் நிறத்தில், சுத்தமாக, ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக வெளியே வந்துவிட்டன. ஓரம் மழுங்கவில்லை, ஓட்டை விழவில்லை. விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தேன். மூக்கும் முழியுமாகப் பிள்ளை பெற்றவள் மாதிரி எனக்குப் பூரிப்பு. குழாய்த் தண்ணீரில் கழுவி, ரொட்டி ஆறவைக்கிற கம்பித் தட்டில், ஜன்னலோரமாக வைத்தோம். அடுப்பிலிருந்து வந்ததைத் துடைக்கவும் கூடாது, மூடவும் கூடாது, நாலு பக்கமும் காற்றுப் பட வேண்டும். இது எங்களுடைய இரண்டாவது பாடம்.

உள்ளே போய் டீ போட்டேன். ரேடியோவுக்குச் சர்க்கரை கூடப் போட்டேன். குடித்துவிட்டு, பெருமையாகப் பார்க்கலாம் என்று மூன்று பேரும் ஜன்னல் பக்கம் வந்தோம்.

இரண்டு சக்கரமும் மஞ்சள் பூசின மாதிரி இருந்தன. பல்லுக்குப் பல், பள்ளத்துக்குப் பள்ளம், புதுத் துரு.

நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. இரும்பைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், செல்போன் கடை வைக்கப் போகிறவரைக் கண்ணால் பார்க்காமலே திட்டினேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. என் வீட்டுக்காரர் மெதுவாக, "விடு. அண்ணன் சொன்னதும் நியாயம்தானே" என்றார். எல்லாவற்றையும்விட அந்த 'விடு' தான் என்னைக் குத்தியது. போனை எடுத்து அப்புறத்தைக் கூப்பிட்டேன்.

"அது அப்படித்தான்க்கா" என்றார். "இப்ப அது பச்சை இரும்பு, மேல ஒண்ணும் கிடையாது. ஆசிட்டுப் புளிப்பும் அங்கங்க ஒட்டிட்டு இருக்கும். ஈரமும் சேர்ந்தா உடனே பிடிச்சுக்கும். இது மேலாக்கதான், மறுபடி லேசா முக்கினா போயிடும். ஆனா வெளிய எடுத்ததும் முதல்ல புளிப்பை எடுக்கணும், அப்புறம் ஒரு பொட்டு ஈரம் இல்லாம உடனே காய வெக்கணும், எண்ணெய் போடணும். எப்படின்னா... வண்டி வந்துடுச்சு, அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டார். நான் போனைப் பார்த்தேன். புளிப்பை எடுக்க வேண்டும். மாவு புளித்துப் போனால் நான் என்ன செய்வேன்?

"சோடா" என்றேன்.

"என்ன சோடா?"

"சமையல் சோடா! மூட்டையா கிடக்கே மாடில!"

"காய வெக்கறதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். குரல் மாறியிருந்தது. "துணியால துடைச்சா பள்ளத்துல ஈரம் நிக்கும். வெயில்ல வெச்சா காயறதுக்குள்ள பிடிச்சுடும்."

அப்போது ரேடியோ சொன்னாள். அவள்தான் சொன்னாள், அதை நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை. "ஏண்ணா, ரஸ்க்குக்கு என்ன பண்ணுவ? ஈரம் போகணும்னா திரும்ப அடுப்புலதானே விடுவ?"

அவ்வளவு நாளாகச் சில்லிட்டுக் கிடந்த அடுப்பு எங்களுக்குப் பின்னால்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து போய், இடது கையால் அதைப் பற்றவைத்தார். மோந்து பார்த்து, கையை உள்ளே நீட்டிச் சூடு பார்த்து, "மெதுவா வரட்டும். ரஸ்க்குச் சூடு போதும். ரொட்டிச் சூடு வேண்டாம்" என்றார். எத்தனை காலமாயிற்று அவர் ஒரு உத்தரவு போட்டு!

அதற்கப்புறம் நடந்தது வேலை. அப்படி ஒரு வேலையை நாங்கள் வாழ்க்கையில் செய்ததில்லை. ரேடியோ சக்கரத்தைத் தொட்டியில் முக்கி, மஞ்சள் போனதும் தூக்குவாள். நான் சோடா கரைத்த தண்ணீரில் அமுக்குவேன். அது புஸ்ஸென்று பொங்கும். இந்தப் பொங்கல் நல்ல பொங்கல். பொங்கி அடங்கினதும் நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, தட்டில் வைத்து, நீளக் கரண்டியால் அடுப்புக்குள் தள்ளுவேன். இதற்குள் மூச்சு விடக்கூட நேரம் கிடையாது. என் வீட்டுக்காரர் அடுப்பு வாயில் நின்று, எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்வார்.

"இன்னும் கொஞ்சம். பள்ளத்துல பாரு, கருப்பா தெரியுது பாரு, அது ஈரம்... இருக்கட்டும்... இப்ப எடு!"

எடுத்ததும், சூட்டோடு சூடாக, ரொட்டி அச்சுக்கு எண்ணெய் பூசுகிற பிரஷ்ஷால் மெஷின் எண்ணெயைப் பூசினோம். சுர்ரென்று இழுத்துக்கொண்டது. கருஞ்சாம்பலாக, மினுமினுவென்று, ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல் இரண்டு சக்கரமும் மேசை மேல் உட்கார்ந்திருந்தன. டீ குடித்தோம். இந்தத் தடவை சக்கரத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் குடித்தோம். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு டீயும் குடித்துப் பார்த்தோம். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அப்படிச் செய்ததில்லை, அவளே பயந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது அப்புறம். "அவரை நான் பார்த்துக்கறேன்" என்று ரேடியோ கிளம்பினாள். அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவருடைய மனைவியிடம் பேச ஆரம்பித்தாளாம். தன் மகளுடைய பிரசவத்தில் ஆரம்பித்தாள், அது முடிவதற்குள் மனுஷன் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு ஓடிவந்துவிட்டார். புது பேரிங், புதுச் சங்கிலி, புது போல்ட்டு எல்லாம் வாங்கிக்கொண்டே வந்திருந்தார். அன்று மாலை பாதி பூட்டினார். மிச்சத்தை மறுநாள் விடிந்ததும் வந்து பூட்டினார். வராமல் இருந்தால் ரேடியோ மறுபடி வருவாள் என்று அவருக்குத் தெரியும்.

கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டிச் சத்தம். மூத்தவர் முன்னால், பழைய இரும்புக்காரர் பின்னால், கயிறு கையில். மூத்தவர் சக்கரங்களைப் பார்க்கவில்லை, அவை மூடிக்குள் போய்விட்டிருந்தன. தம்பி எழுந்து நிற்பதைத்தான் பார்த்தார்.

"என்னம்மா, ஏத்தலாமா?"

"ஒரு நிமிஷம் அத்தான்" என்றேன். சுவிட்ச்சைப் போட்டேன்.

மோட்டார் உறுமியது. உள்ளே ஏதோ ஒன்று கரகரவென்று உரசியது. மாவைக் கலக்குகிற இரும்புக் கை கொஞ்சம் நகர்ந்து, திக்கி, நின்றது. மெக்கானிக் சட்டென்று சுவிட்ச்சை அணைத்தார். பழைய இரும்புக்காரர் மரியாதையாகக் கயிற்றைப் பிரிக்க ஆரம்பித்தார். வாய்விட்டுச் சொன்ன வார்த்தை. சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் மெஷினிடம் போனார். குனிந்து, மூடியில் காதை வைத்தார். "கையால மெதுவா சுத்துங்க" என்றார். மெக்கானிக் சுற்றினார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கேட்டார். அவர் அந்த மெஷினோடு வாழ்ந்த அளவுக்கு என்னோடு வாழ்ந்தாரா என்பதே சந்தேகம்.

"சக்கரத்துல குத்தம் இல்ல. சங்கிலியை ரொம்ப இறுக்கிட்டீங்க. புதுசு இல்லையா. ரெண்டு சுத்து தளர்த்துங்க."

மெக்கானிக் தளர்த்தினார். "இப்ப போடுங்கக்கா" என்றார்.

போட்டேன். உறுமல் எழுந்தது, சங்கிலி இழுத்தது, சக்கரம் சக்கரத்தைப் பிடித்தது. கலக்குகிற கை ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று. அதற்கு மேல் எண்ண முடியவில்லை, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. சத்தம் முன்னைவிடக் குறைவு. ரேடியோ வாசலுக்கு ஓடி, தெருவைப் பார்த்து, "ஓடுது! எங்க மெஷின் ஓடுது!" என்று கத்தினாள். எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியும் நூலுமாக எட்டிப் பார்த்தார். நான் ஜெயித்தேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மார்பு விம்மியது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"அத்தான், வாயைத் திறக்காதீங்க" என்றேன்.

மூத்தவர் திறக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். பழைய இரும்புக்காரர்தான், "அப்ப நான் எதை ஏத்தறது?" என்று கேட்டார். இளைத்துப்போன போல்ட்டுகளையும் அறுந்த சங்கிலியையும் ஒரு பையில் போட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் அதையும் தூக்கி எடை பார்த்தார், பழக்கம் விடுமா.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாவைக் கொட்டினேன், தண்ணீர் விட்டேன், ஈஸ்ட்டும் உப்பும் போட்டேன். கலக்குகிற கை எல்லாவற்றையும் வாரிச் சுருட்டி, தூக்கி அடித்து, மடித்துப் பிசைந்தது. மாவு திரண்டு, தொட்டியை விட்டுவிட்டு வழவழவென்று எழும்பி வந்தது. பதம் பார்க்க வேண்டும் என்ற நினைப்பில், என் வீட்டுக்காரர் தன்னை அறியாமல் கட்டை அவிழ்த்து, வலது கையை நீட்டிவிட்டார். வலியில் முகம் சுருங்கியது.

நான் போவதற்கு முன் மூத்தவர் போய்விட்டார். தம்பியின் கையைப் பிடித்து, மெல்ல மடித்து, கட்டுக்குள்ளேயே திரும்ப வைத்தார். பிறகு தன் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நீ சொல்லு. நான் எடுக்கறேன்."

அவருக்கு மாவு தூக்கத் தெரியவில்லை. பாதி மேசையில், பாதி சட்டையில். "அண்ணே, அப்படிக் கிள்ளக் கூடாது. அடில கைய விட்டு மொத்தமா தூக்கு" என்று தம்பி அதட்டினார், அண்ணன் சரி சரி என்று தலையாட்டினார். இப்படி ஒரு காட்சியைக் காண நான் என்ன விலையும் கொடுத்திருப்பேன். உருட்டினோம், பொங்கவிட்டோம், அடுப்பில் விட்டோம். பழைய இரும்புக்காரர் போகவில்லை. வாசனை வந்த பிறகு அவர் எப்படிப் போவார்? வண்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்தார். தெருவில் இருந்த பாதிப் பேரும் அங்கேதான் நின்றார்கள்.

முதல் ரொட்டியைப் பிய்த்து மூத்தவர் கையில் வைத்தேன். ஆவி பறக்க வாயில் போட்டு, ஊதி ஊதி மென்றார்.

"உப்பு கம்மி" என்றார்.

"நாளைக்குச் சரியா போடறேன், வந்து சாப்பிட்டுப் பாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. நாளைக்கு. கடை மூடின நாளிலிருந்து அந்தக் கடைக்குள் ஒருவரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு மாவு எத்தனை மணிக்குப் போடலாம்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எப்ப முழிப்பு வருதோ அப்ப" என்றேன். பழைய இரும்புக்காரர், மெக்கானிக், ரேடியோ, தெருவில் நின்றவர்கள் எல்லோருக்கும் முன்னால், அடுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, போய் கடைக் கதவை முழுதாக மேலே தூக்கிவிட்டேன்.